பனி கரைந்ததும் மாமாவுக்கு வந்த உற்சாகம்: சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா?

பிரிவு: குடும்பமும் மனநலமும்

மழைக்குருவி (ஸ்கார்பரோ), மார்ச் 29

வணக்கம் உறவுகளே. கணவரின் தகப்பனார் எங்களோடுதான் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மாமி தவறிய பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை மனிதர் நிலக்கீழ் அறையை விட்டு மேலே வந்தது குறைவு. சாப்பிடக் கூப்பிட்டால் "பசியில்லை பிள்ளை" என்பார். ஜனவரியில் குடும்ப வைத்தியர் மனச்சோர்வுக்கு ஒரு குளிசை தொடங்கினார். குளிர்காலச் சோர்வுக்குப் பகல் வெளிச்சம்போல ஒளி தரும் ஒளிவிளக்கு ஒன்றைக் கணவர் வாங்கி அவருடைய மேசையில் வைத்தார்.

இப்போது ஆளே வேறு. விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பிக் கராஜை ஒதுக்குகிறார். தயிர்ப் பெட்டிகளின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மிளகாயும் கத்தரியும் விதைத்திருக்கிறார். ஜன்னலோரம் நிரம்பி, இப்போது மாடிப்படி ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டிகள். ஊரில் கோயில் மதில் கட்டப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு என்று கேட்டால் சிரிக்கிறார். நடுச்சாமத்தில் ஊருக்கு அழைத்துக் கதைக்கிறார், ஒரு விடயத்தை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவுகிறார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "அப்பா பழையபடி ஆகிவிட்டார், கண்ணூறு படப்போகிறது" என்று மச்சாள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. நேற்றுப் பேத்தி ஒரு பெட்டியைத் தட்டி விட்டதற்கு அவர் போட்ட சத்தத்தை இந்த வீட்டில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளை குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

இப்படியே விட்டுவிடலாமா?

தட்டிவான் (மார்க்கம்)

தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் படுத்தே கிடக்கிறார் என்று கவலை, இப்போது எழும்பி நடமாடுகிறார் என்றும் கவலையா? தோட்டம் செய்த மனிதர் கோழி கூவ முன்னர் எழும்பத்தான் செய்வார். மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியதில் இந்த நாட்டில் யாருக்குத்தான் நித்திரை ஒழுங்காக இருக்கிறது? எங்கள் தகப்பன்மாருக்கு ஒரு வருத்தத்தின் பெயரை ஒட்டி மூலையில் இருத்துவதில் இங்குள்ளவர்கள் வலு கெட்டிக்காரர்கள். மிளகாய் நட விடுங்கள். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் கழிந்ததும் வெளியே நடச் சொல்லுங்கள், அதற்கு முன் நட்டால் உறைபனி கருக்கிவிடும்.

கிளுவங்கதிகால் (மிசிசாகா)

நான் வைத்தியர் இல்லை, மனநலத் துறையில் சமூகப் பணியாளர். தட்டிவான் அண்ணை சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மழைக்குருவிக்கு: நாளையே குடும்ப வைத்தியருக்கு அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தில் தாதியோடு எந்த நேரமும் கதைக்கலாம்.

ஏன் இந்த அவசரம்? வசந்தம் வந்தால் மனம் தானாகத் தெளியும் என்று குளிர்நாட்டுக்கு வந்த நாம் எல்லோரும் நம்புகிறோம். பலருக்கு அது உண்மை. 1984இல் நார்மன் ரோசன்தாலும் சகாக்களும் பருவகால மனச்சோர்வை விவரித்தபோது, வசந்தத்தில் அது விலகுவதையும் சேர்த்தே எழுதினார்கள். ஆனால் ஒரு சிலருக்கு மனம் தெளிவதோடு நிற்காமல், அளவு கடந்து மேலே போய்விடுகிறது. நித்திரை தேவைப்படாது, கதை நிற்காது, கை தாராளமாகும், மறித்தால் கோபம் வரும். இந்த மிகை எழுச்சி நிலையோடு மருத்துவமனைக்கு வருவோர் வசந்தத்திலும் கோடையிலும் கூடுவதைப் பல நாடுகளின் பதிவுகள் காட்டுகின்றன. டொரன்டோவில் டிசம்பரில் ஒன்பது மணித்தியாலம்கூட வராத பகல், ஜூனில் பதினைந்தரை வரை போகிறது. மார்ச் கடைசியில் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ மூன்று நிமிடம் கூடுகிறது. இந்த மாற்றத்துக்கு உடலின் உள் மணிக்கூடு எல்லோரிலும் ஒரே மாதிரி ஈடுகொடுப்பதில்லை.

உங்கள் மாமாவின் விடயத்தில் இன்னும் மூன்று சங்கதிகள் சேர்ந்திருக்கின்றன.

மனச்சோர்வுக் குளிசை சிலரை இந்த நிலைக்குத் தள்ளக்கூடியது. ஒளிவிளக்கும் அப்படித்தான். பத்தாயிரம் லக்ஸ் (ஒளியின் அளவு) விளக்கின் முன் காலையில் இருபது, முப்பது நிமிடம் இருப்பதுதான் முறை. அவர் எவ்வளவு நேரம் அதன்முன் இருக்கிறார் என்று யாராவது பார்த்தீர்களா? மூன்றாவது வயது. வாழ்க்கையில் முதல்முறையாக எழுபதுக்கு மேல் இப்படி ஒரு மாற்றம் வந்தால் மனத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது. தைரொயிட், சிறு பக்கவாதம், கிருமித்தொற்று, வேறு மருந்துகள் என்று எல்லாவற்றையும் தேட வேண்டும்.

குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதை வைத்தியர் சொல்லட்டும். விளக்கை இன்றைக்கே எடுத்து அலுமாரியில் வைக்கலாம்.

தட்டிவான்

அப்படியானால் வசந்தத்தில் ஒரு வயதானவர் சிரித்தாலே வைத்தியரைக் கூப்பிட வேண்டுமா? எனக்கு விளங்கவில்லை.

கிளுவங்கதிகால்

சிரிப்பைப் பார்க்க வேண்டாம் அண்ணை, நித்திரையைப் பாருங்கள். தோட்டக்காரர் விடிய நாலுக்கு எழும்புவார், இரவு எட்டரைக்குக் கொட்டாவியும் விடுவார். மூன்று மணித்தியாலம் மட்டும் படுத்துவிட்டு, களைப்பே தெரியாமல் நாள் முழுக்க ஓடுகிறவர் வேறு. அதோடு பணம். முன்பு பத்து டொலருக்கு இரண்டு முறை யோசித்தவர் இப்போது தொகையைச் சொல்லாமல் சிரிக்கிறார் என்றால் அது அவருடைய குணம் அல்ல. நீங்கள் சொன்ன நியாயம் இதுதான்: நம்மவர்களில் துக்கத்தையும் வயதையும் வருத்தமாக்கிப் பார்க்கும் அவசரம் இருக்கிறது. மிளகாய்ச் செடி வருத்தத்தின் அறிகுறி இல்லை. வயதானவருக்குக் காலையில் எழும்ப ஒரு காரணம் தருவது அதுதான். பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

வடகடலோடி (ஒஸ்லோ)

இந்த இழையைப் படிக்காமல் கடந்து போக முடியவில்லை. என் தம்பிக்கு இங்கே வசந்தம்தான் கெட்ட காலம். எங்கள் ஊரில் டிசம்பரில் பகல் ஆறு மணித்தியாலம், ஜூனில் பத்தொன்பதை நெருங்கும். இரவு பதினொன்றுக்கும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. குளிர்காலத்தில் நாங்கள் எல்லோரும் அவனைச் சுற்றி நிற்போம். அம்மா புட்டு அவித்து அனுப்புவார், அண்ணி அழைப்பார். ஏப்ரல் பிறந்து, அவன் சைக்கிளை எடுத்துத் துடைத்ததும், எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவன் விழுவது அந்த நேரத்தில்தான்.

ஊர் முழுக்கப் பூங்காவில் வெயில் காய்ந்து சிரிக்கும்போது, தனக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லையே என்ற எண்ணம் வருவதாக அவனே ஒருமுறை சொன்னான். குளிரில் சோர்ந்திருக்க ஒரு சாட்டு இருக்கிறது. மே மாதத்தில் அந்தச் சாட்டும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டு ஒழுங்கு வேறு. புட்டு ஜூன் வரைக்கும் போகிறது. படுக்கையறைக்குத் தடித்த கறுப்புத் திரை. பத்து மணிக்குத் திரையை இழுத்துவிட வேண்டும், சூரியன் என்ன சொன்னாலும் சரி.

கிளுவங்கதிகால்

வடகடலோடி சொன்னது மிக முக்கியம், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குளிரும் இருட்டும் உள்ள மாதங்களில்தான் தற்கொலைகள் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். மிதவெப்ப நாடுகளின் பதிவுகள் நேர்மாறாக இருக்கின்றன, உச்சம் வருவது வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும். இது புதிய செய்தி அல்ல. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இலேயே இதை எழுதிவிட்டார். வெப்பம் காரணமல்ல, நாள் நீள நீளச் சமூக வாழ்க்கை விறுவிறுப்படைவதே காரணம் என்பது அவருடைய வாதம். தென்கோளத்தில் வசந்தம் செப்டெம்பரில் வருவதால் அங்கு உச்சமும் அதற்கேற்ப நகர்கிறது. காரணம் என்னவென்று இன்றும் முடிவாகவில்லை. உடலுக்குத் தெம்பு முதலில் திரும்பி, மனத்துக்கு நம்பிக்கை பிந்தி வருவதால் இடையில் ஓர் ஆபத்தான காலம் உண்டாகிறது என்பது மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு விளக்கம்.

சோர்ந்திருந்த ஒருவர் கொஞ்சம் நடமாடத் தொடங்கியதும் குடும்பம் காவலைத் தளர்த்தக் கூடாது. "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புகுந்துவிடும் என்ற பயம் தேவையில்லை, அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்டவுடன் அழுதுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள் அவர்கள்.

மட்டுறுத்துநர்

இழை தீவிரமான இடத்துக்கு வந்திருப்பதால் தற்கொலைத் தடுப்பு, மனநல உதவி இலக்கங்களை இங்கே இடுகிறோம். கனடா: 988, அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், 24 மணி நேரமும் இயங்குகிறது, மொழி ஆங்கிலமும் பிரெஞ்சும். இங்கிலாந்து: 111ஐ அழைத்து 2ஐ அழுத்தவும். நோர்வே: 116 123. இலங்கை: 1926. இந்தியா: டெலி மானஸ் 14416, தமிழிலும் கதைக்கலாம். உயிராபத்து என்று தோன்றினால் அந்தந்த நாட்டின் அவசர இலக்கம். மருந்துப் பெயர், அளவு குறித்து ஒருவருக்கொருவர் பரிந்துரை செய்ய வேண்டாம்.

புளியடிச்சந்தி (லண்டன்)

எல்லாம் விற்றமின் டி குறைவால் வருவது. கறுத்த தோலுக்கு இந்த நாட்டு வெயில் போதாது. ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

காவேரிக்கரை (திருச்சி)

நான் செவிலியர், இங்கே ஒரு மனநலப் பிரிவில் வேலை. புளியடிச்சந்தி, முதல் பாதி சரி. கருமையான தோலுக்கு அந்தச் சத்து உருவாக அதிக வெயில் வேண்டும், குறைபாடு இருந்தால் உடல் அசதி வரும், மாத்திரை எடுப்பதும் நல்லது. ஆனால் அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 18,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்தச் சத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மனச்சோர்வு வராமல் தடுப்பதில் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எலும்புக்கு எடுங்கள், இந்தக் கதைக்கு அது மருந்தல்ல.

வேறொன்றைக் கேட்க நினைத்தேன். உங்கள் ஊர்களில் இது மகரந்தக் காலம் அல்லவா? மூக்கொழுகலுக்கும் கண் அரிப்புக்கும் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், குறிப்பாக டைஃபென்ஹைட்ரமைன் உள்ளவை, முதியவர்களுக்கு ஆகாதவை. தலை குழம்பும், தள்ளாட்டம் வரும், சிறுநீர் அடைக்கும், இரவில் எழுந்து இல்லாத ஆட்களோடு பேசுவதும் உண்டு. வீட்டார் அதைப் பைத்தியம் என்றோ மறதி நோய் என்றோ நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். மழைக்குருவி, மாமா அலமாரியில் என்னென்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள், தைலம் முதற்கொண்டு.

வேலியோரம் (பாரிஸ்)

எங்கள் வீட்டில் வசந்தத்துக்கு வேறு கணக்கு. அம்மா 2009இல் இறுதிப்போரின்போது வன்னியில் இருந்தவர். சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்து, கைவிசேடம் தந்து, நல்லபடியாகத்தான் இருப்பார். ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கும்போது சமையலறையில் வெற்றுப் போத்தல்கள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில், கட்டிலுக்கடியில் வரிசையாகத் தண்ணீர்ப் போத்தல். அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் ஒரு பொலித்தீன் பையில், தலையணைக்குக் கீழே. போர் முடிந்த நினைவுநாளான மே 18 கழிந்த மறுநாள் அவரே போத்தல்களை எடுத்துச் செடிகளுக்கு ஊற்றுவார். இங்குள்ள வைத்தியருக்கு இது மரக்கறிக் கடையில் வரும் பதற்றமும் நித்திரையின்மையும் மட்டும்தான். திகதியை அவரிடம் சொல்ல யாருமில்லை.

எங்கள் சமூகத்தின் போர்க்கால மனவடுவைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். இதைத் தனி ஆளின் வருத்தமாக மட்டும் பார்க்காமல் குடும்பமாகவும் ஊராகவும் பார்க்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. எங்கள் வீட்டில் அதைச் சிறிய அளவில் செய்துபார்க்கிறோம். அந்த வாரத்தில் போர்க்கால ஒளிப்படங்கள் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் ஓடாது. நினைவேந்தலுக்கு அம்மாவோடு யார் போவது, யார் கூட்டி வருவது என்று முன்கூட்டியே பேசிவிடுவோம். போர் நாட்களின் நினைவாகக் கஞ்சி வீட்டிலேயே காய்ச்சுவோம், பிள்ளைகளும் குடிப்பார்கள், ஏன் குடிக்கிறோம் என்று அம்மாவே சொல்வார். சொல்லும்போது அழுவார், அதை யாரும் தடுப்பதில்லை. போத்தல்களை நாங்கள் தொடுவதில்லை.

தட்டிவான்

வேலியோரம் பிள்ளை, உங்கள் அம்மாவின் போத்தல்களைப் படித்த பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் வீட்டில் கதை வேறு. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. பல்கலைக்கழக அனுமதி மே கடைசிக்குள் தெரிந்துவிடும் என்று பெடியனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொந்தக்காரர் சந்தித்தாலே "எங்கே கிடைத்தது?" என்பதுதான் முதல் கேள்வி. ஏதாவது சொல்லுங்கள்.

கிளுவங்கதிகால்

அண்ணை, சொந்தக்காரரின் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள், பிள்ளையைச் சொல்ல விடாதீர்கள். "கிடைத்ததும் நாங்களே அறிவிப்போம்" என்ற ஒரு வசனம் போதும். அவனுடைய படுக்கை நேரத்தைக் கவனியுங்கள். பதின்ம வயதில் உடல் மணிக்கூடு இயல்பாகவே பிந்தித்தான் ஓடும். மார்ச் மணிக்கூட்டு மாற்றம் அவர்களிடமிருந்து இன்னும் ஒரு மணித்தியாலத்தைப் பிடுங்கிவிடுகிறது. பெற்றோரிடம் சொல்ல விரும்பாததை அவன் சொல்லக்கூடிய இடமும் வேண்டும்: பிள்ளைகளுக்கான கனடிய உதவிச் சேவைக்கு 686868 என்ற இலக்கத்தில் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதை அவனிடம் காட்டிவிட்டு, அனுப்பினாயா என்று கேட்காமல் இருங்கள். கடினமானது அதுதான்.

மழைக்குருவி, ஏப்ரல் 9

எல்லோருக்கும் நன்றி. குடும்ப வைத்தியரைப் பார்த்துவிட்டோம். காவேரிக்கரை அக்கா சொன்னபடி பையோடு போனோம். விளக்கைப் பற்றிக் கேட்டபோது, காலையில் பத்திரிகை வாசிக்கவும், மாலையில் ஊர்ச் செய்தி பார்க்கவும் அதன் முன்தான் இருந்ததாக மாமா சொன்னார். வெளிச்சம் நல்லதாக இருந்ததாம். குளிசையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், இரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று, தலைக்குப் படம் எடுக்க நாள் தந்திருக்கிறார்கள். முதியோர் மனநல வைத்தியருக்கும் எழுதியிருக்கிறார்கள், அழைப்பு இன்னும் வரவில்லை. இரவில் இப்போது ஐந்து மணித்தியாலம் அளவில் படுக்கிறார். கணவர் வங்கிக்குப் போய் அவரோடு இருந்து கதைத்து, பெரிய தொகை அனுப்புவதென்றால் இருவர் கையெழுத்து என்று ஒழுங்கு செய்திருக்கிறார். அதற்கு மாமா ஒரு நாள் முழுக்க யாரோடும் கதைக்கவில்லை. கோயில் மதில் விடயம் இன்னும் தீரவில்லை.

மச்சாளுக்கு என்மேல் கோபம். "நல்லாய் இருந்த மனிதரை நோயாளியாக்கிவிட்டாய்" என்கிறார். அது போகட்டும்.

ஒரு கேள்வி. மனநிலையைச் சீராக வைத்திருக்கும் லிதியம் என்ற மருந்தைப் பற்றி மனநல வைத்தியர் யோசிக்கக்கூடும் என்று குடும்ப வைத்தியர் சொன்னார். மாமாவோ வரும் ஆண்டு பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்க ஊருக்குப் போவதாக நேர்த்தி வைத்திருக்கிறார். போகலாமா?

காவேரிக்கரை

லிதியம் கொடுக்கிறார்களா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கொடுத்தால், ஊருக்குப் போவதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் எங்கள் பிரிவுக்கு இதனால் ஆட்கள் வருவதுண்டு. வியர்த்து, தண்ணீரும் உப்பும் உடலில் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். குளிர்நாட்டில் சரியாக இருந்த அளவு அங்கே நஞ்சாகலாம். உபவாசம், உப்பில்லாப் பத்தியம் இரண்டும் கூடாது. மூட்டுவலிக்கு இபுபுரூபன் வகை மாத்திரையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் லிதியத்தின் அளவை ஏற்றும், அதனால் அவர் எடுப்பவற்றின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். கை பெரிதாக நடுங்கினால், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்மனுக்குப் பொங்கல் வைக்கலாம், பட்டினி கிடக்காமல் வைக்கலாம். கோயிலில் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

கிளுவங்கதிகால்

மழைக்குருவி, இன்னுமொன்று. மனநல வைத்தியரிடம் போகும்போது பேத்தியையோ பேரனையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். மாமியின் நினைவு, சாவு எண்ணம், பணம் எல்லாம் வரும் அறையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இடையில் நிற்கக் கூடாது. மாமாவும் பிள்ளை முன்னால் உண்மையைச் சொல்ல மாட்டார். நாள் குறிக்க மருத்துவமனையிலிருந்து அழைக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஈழத்துத் தமிழ் பேசுபவராக இருந்தால் நல்லது என்றும் சொல்லுங்கள். அவர்கள் கைவிரித்தால் 211ஐ அழையுங்கள், உங்கள் பகுதியில் தமிழ்ச் சேவை எங்கே கிடைக்கிறது என்று தேடித் தருவார்கள். மச்சாளையும் அந்தச் சந்திப்புக்குக் கூட்டிப் போங்கள். வைத்தியர் சொல்வதை உங்கள் வாயால் கேட்பதைவிட, அவர் தன் காதால் கேட்கட்டும்.

தட்டிவான்

மதில் கட்டும் கோயில் எது என்று தனிமடலில் சொல்லுங்கள் தங்கச்சி. எங்கள் பக்கம் என்றால் நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெரியவரின் முகம் கோணாமல் வாக்கைச் சின்னத் தொகையாக்கிக் கதைத்து முடிக்கலாம்.